உறவும் ஒப்பும்: ‘ரெலட்டிவ்’ என்னும் ஆங்கிலச் சொல்

நம் சங்கங்களின் அலுவல் பெரும்பாலும் தமிழிலேயே நடைபெறுகின்றது. பேரேடு தமிழில் இருக்கின்றது. மகாசபைத் தீர்மானமும் தமிழில் எழுதப்படுகின்றது. ஆயினும் சில ஆங்கிலச் சொற்கள் நம்மை விட்டபாடில்லை. வங்கிப் படிவத்தில் ஒன்று, சட்டப் புத்தகத்தில் ஒன்று, வானிலை அறிக்கையில் ஒன்று, நூலாலையின் சோதனைச் சீட்டில் ஒன்று என்று அவை வந்துகொண்டே இருக்கின்றன. கடினமான சொல்லைக் கண்டால் அகராதியைத் தேடுகிறோம். அல்லது கற்றவரை அணுகிக் கேட்கிறோம். எளிய சொல்லைக் கண்டாலோ, ‘இது தெரிந்ததுதானே’ என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஆகவே எளியவை போல் தோன்றும் சொற்களே நம்மை மிகுதியும் ஏமாற்றுகின்றன.

அத்தகைய சொல் ஒன்றை இப்பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம். ‘ரெலட்டிவ்’ என்பது அச்சொல். ‘உறவினர்’ என்று பொருள் சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது என்று சிலர் கருதக்கூடும். ஆனால் அதே சொல் காற்றின் ஈரப்பதத்துக்கு முன்னும் நிற்கின்றது, கணக்கிலும் வருகின்றது, இலக்கணத்திலும் வருகின்றது. அங்கெல்லாம் உறவினருக்கு என்ன வேலை? இவ்வினாவுக்கு விடை கண்டால் சொல்லின் பொருள் விளங்கும். அத்துடன் சங்க வாழ்வுக்குப் பயன்படும் நல்ல பழக்கம் ஒன்றும் நமக்குக் கைவரும்.

சொல்லின் பிறப்பு

முதலில் ஒலிப்பைக் கவனிப்போம். நம் பக்கங்களில் இதனை ‘ரிலேட்டிவ்’ என்று நடுவெழுத்தை நீட்டிச் சொல்வது வழக்கம். ஆங்கிலேயர் முதலெழுத்தை அழுத்திப் பின்னுள்ளவற்றைக் குறுக்கி, ‘ரெலட்டிவ்’ என்பர். ‘ரிலேஷன்’, ‘ரிலேட்டட்’ என்னும் இனச் சொற்களில் மட்டும் நடுவெழுத்து நீண்டு ஒலிக்கும்.

இதன் வேர் லத்தீன் மொழியைச் சேர்ந்தது. ‘திரும்ப’ என்று பொருள்படும் ஒரு முன்னொட்டும், ‘கொண்டுசெல்லப்பட்டது’ என்று பொருள்படும் ஒரு வினையும் சேர்ந்து பிறந்த சொல் இது. ‘ஒன்றனிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டது’ என்பது இதன் அடிப்பொருள். நாடா ஊடை நூலை மறுகரைக்குக் கொண்டுசென்று மீண்டும் இக்கரைக்குக் கொணர்வதை நெசவாளர் நாள்தோறும் காண்கின்றனர். இச்சொல்லும் அதைப்போலவே, சொல்லும் பொருளிலிருந்து வேறொரு பொருளுக்கு நம் எண்ணத்தை எடுத்துச் சென்று திரும்பவும் கொணர்கின்றது.

இதற்கு எதிர்ச்சொல் ‘ஆப்ஸொல்யூட்’ என்பது. அதுவும் லத்தீனில் வேர்கொண்டதே. ‘கட்டவிழ்க்கப்பட்டது’ என்பது அதன் அடிப்பொருள். எதனோடும் பிணைக்கப்படாமல் தனித்து நிற்பது ‘ஆப்ஸொல்யூட்’. வேறொன்றோடு பிணைந்து நிற்பது ‘ரெலட்டிவ்’. இவ்விரண்டையும் இணைத்து நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டும் மறவா.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் இலக்கணச் சொல்லாகவே நுழைந்தது. ‘உறவினர்’ என்னும் பொருளில் அது வழங்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னரே ‘கின்’, ‘கின்ஸ்மன்’ முதலிய சொற்கள் சுற்றத்தாரைக் குறிக்க ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே, உறவினர் என்பது இச்சொல்லின் முதற்பொருள் அன்று. பின்னர் வந்து சேர்ந்த பொருளேயாகும்.

அண்ணன், தம்பி

பிணைப்பைக் குறித்த சொல், சுற்றத்தாரைக் குறிக்க வந்ததில் வியப்பில்லை. நம் மொழியிலும் அப்படியே நிகழ்ந்திருக்கின்றது. ‘சம்பந்தம்’ என்றால் தொடர்பு. ‘இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கிறோம். மகளைக் கொடுத்த வீட்டாரைச் ‘சம்பந்தி’ என்கிறோம். ‘முறை’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஒழுங்குக்கும் முறை என்று பெயர். ‘அவர் உங்களுக்கு என்ன முறை?’ என்னும்போது உறவுக்கும் அதுவே பெயர்.

ஒப்புமையோ நம் உறவுப் பெயர்களுக்குள்ளேயே அமைந்து கிடக்கின்றது. ஆங்கிலத்தில் உடன்பிறந்த ஆண் மூத்தவனாயினும் இளையவனாயினும் ‘பிரதர்’தான். தமிழில் அவன் அண்ணன், அல்லது தம்பி. வயதை ஒப்பிட்டுப் பார்க்காமல் நாம் உடன்பிறந்தவனை அழைக்கவே இயலாது. மூன்று சகோதரருள் நடுவில் உள்ளவரை எண்ணிப் பாருங்கள். மூத்தவருக்கு அவர் தம்பி. இளையவருக்கு அவரே அண்ணன். அவருடைய வயதும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. யாரிடமிருந்து பார்க்கிறோம் என்பது மட்டுமே மாறிற்று. ‘அவர் அண்ணனா, தம்பியா?’ என்று மொட்டையாகக் கேட்டால் விடையில்லை. ‘யாருக்கு?’ என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

‘ரெலட்டிவ்’ என்னும் சொல்லின் முழுப்பொருளும் இதில் அடங்கிவிடுகின்றது. அது எப்போதும் இரு முனை உடையது. ஒரு முனை கண்ணுக்குத் தெரியும். மற்றொரு முனையை நாம் தேடிக் காணவேண்டும். குடும்பத்தைப் பற்றி வந்தால், ‘யாருக்கு உறவு?’ என்று கேட்கவேண்டும். அளவைப் பற்றி வந்தால், ‘எதனோடு ஒப்பிட்டு?’ என்று கேட்கவேண்டும்.

குடும்பத்தில் வழங்கும் வகை

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ரெலட்டிவ்’ என்பது உறவினர் ஒருவரைக் குறிக்கும். பலரைக் குறிக்க ‘ரெலட்டிவ்ஸ்’ என்பர். ‘ரிலேஷன்’ என்பதும் பேச்சில் இதே பொருளில் வரும். அது உறவு என்னும் தன்மையையும் குறிக்கும். ‘ரிலேட்டட்’ என்பது ‘உறவுடைய’ அல்லது ‘தொடர்புடைய’ என்னும் அடைமொழி. ‘க்ளோஸ் ரெலட்டிவ்’ என்றால் நெருங்கிய உறவினர். ‘டிஸ்டன்ட் ரெலட்டிவ்’ என்றால் தூரத்து உறவினர். உறவைத் தூரத்தால் அளக்கும் வழக்கம் இரு மொழிக்கும் பொதுவாக இருக்கின்றது.

தொல்லை எங்கே தோன்றுகின்றது என்றால், ஆங்கில உறவுப் பெயர்கள் நம் பெயர்களை விட மிகக் குறைவு என்பதில்தான். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தையின் கணவர், சித்தியின் கணவர் ஆகிய அனைவரும் ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ ஆகிவிடுகின்றனர். அவர்களுடைய மக்கள் எல்லோரும் ‘கஸின்’ ஆகிவிடுகின்றனர். நமக்கோ சித்தப்பா மகன் பங்காளி. மாமன் மகன் மைத்துனன். ஒருவரோடு சொத்தில் பங்கு; மற்றொருவரோடு கொள்வினை, கொடுப்பினை. இவ்விரண்டு உறவுக்கும் உள்ள வேறுபாட்டை ‘கஸின்’ என்னும் ஒரே சொல் அழித்துவிடுகின்றது. ஆதலால் படிவங்களில் ‘அங்கிள்’, ‘கஸின்’ என்று மட்டும் எழுதுதல் போதாது. ‘தாயின் உடன்பிறந்தவர்’, ‘தந்தையின் தம்பி மகன்’ என்று விளங்க எழுதுதல் நன்று. நியமனதாரரின் பெயரைக் குறிக்கும் இடத்தில் இது மிகவும் முக்கியம். அங்கத்தினர் காலமான பிறகு பங்குத் தொகையை யாரிடம் கொடுப்பது என்னும் கேள்வி எழும்போது, அவ்வொரு வரியே குடும்பத்தின் சண்டையைத் தவிர்க்கும்.

சட்டம் வரையும் வட்டம்

இனி, சங்கத்தாருக்கு மிகவும் வேண்டிய பகுதிக்கு வருவோம். சட்டத்தில் ‘ரெலட்டிவ்’ என்று வந்தால் அது ஊரார் வழக்கில் உள்ள உறவினரைக் குறிப்பதில்லை. அந்தச் சட்டம் தன் பொருள்வரையறைப் பிரிவில் யார் யாரைப் பட்டியலிடுகின்றதோ அவர்களை மட்டுமே குறிக்கும்.

1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் உறவினருக்கென்று ஓர் அட்டவணை இருந்தது. பின்னாளில் அதில் 22 உறவுகள் குறிக்கப்பட்டிருந்தன. பாட்டன், பாட்டி, பேரன், பேத்தி, சகோதரரின் மனைவி, சகோதரியின் கணவர் ஆகியோரெல்லாம் அதில் இடம்பெற்றிருந்தனர். அதற்குப் பதிலாக வந்தது 2013ஆம் ஆண்டின் சட்டம். இதன்படி கணவன் மனைவியரும், பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினரும் உறவினராவர். இவர்களோடு, 2014இல் எழுதப்பட்ட விதியானது தந்தை, தாய், மகன், மகனின் மனைவி, மகள், மகளின் கணவர், சகோதரர், சகோதரி ஆகிய எட்டு உறவுகளைச் சேர்க்கின்றது. மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் முதலியோரும் இதில் அடங்குவர். பாட்டனும் பேரனும், சகோதரரின் மனைவியும், சகோதரியின் கணவரும் இப்புதிய பட்டியலில் இல்லை.

ஒன்றை இங்குக் கூர்ந்து நோக்கவேண்டும். நம் வீடுகளில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடைபெறாது. அத்தாய்மாமன் பழைய 22 உறவுகளிலும் இல்லை. புதிய எட்டு உறவுகளிலும் இல்லை. கம்பெனிச் சட்டத்தின் கண்ணுக்கு அவர் உறவினரே அல்லர்.

வருமான வரிச் சட்டத்தைப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். 1961ஆம் ஆண்டுச் சட்டம் தன் தொடக்கத்தில் எழுதிய வரையறையில் கணவன், மனைவி, சகோதரர், சகோதரி, நேர்வழி முன்னோர், நேர்வழிச் சந்ததியார் ஆகியோரே உறவினர். அங்கும் தாய்மாமன் இல்லை. அதே சட்டத்தில் அன்பளிப்பைப் பற்றிப் பின்னர்ச் சேர்க்கப்பட்ட பிரிவோ வேறொரு வரையறையை வைத்துக்கொண்டது. அதில் பெற்றோரின் உடன்பிறந்தாரும், வாழ்க்கைத்துணையின் உடன்பிறந்தாரும் உறவினராயினர். அவ்வகையில் தாய்மாமன் கொடுத்த பணம் உறவினர் கொடுத்த அன்பளிப்பாகக் கருதப்பட்டது. மாமன் மகன் கொடுத்தாலோ, அது அயலார் கொடுத்ததாகவே எண்ணப்பட்டது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு வட்டங்கள்! தாய்மாமன் ஒன்றில் வெளியே, மற்றொன்றில் உள்ளே.

இது சங்கத்துக்கு எவ்வாறு பயன்படும்? விவசாயிகளின் உற்பத்தியாளர் கம்பெனிகள் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. அங்கே இயக்குநரும் அவருடைய உறவினரும் ‘ரிலேட்டட் பார்ட்டி’, அதாவது தொடர்புடைய தரப்பினர் என்னும் வகையில் அடங்குவர். கூட்டுறவுச் சட்டங்களிலும் இச்சொல் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் செயற்படும் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2002ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. தாமோ தம் உறவினரோ நலன் கொண்டுள்ள ஒப்பந்தத்தைப் பற்றிய ஆலோசனையில் இயக்குநர் இருத்தலும் வாக்களித்தலும் ஆகா என்று அத்திருத்தம் விதித்தது. இவ்விதியைப் படிக்கும் அங்கத்தினர், ‘உறவினர் என்றால் யார்?’ என்று கேளாவிட்டால் விதி இருந்தும் பயனில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் உற்பத்தியாளர் கம்பெனி உரம் வாங்குகின்றது. அதனை விற்பவர் ஓர் இயக்குநரின் மைத்துனர். அதாவது மனைவியின் சகோதரர். மேலே சொன்ன பட்டியலில் மனைவியின் சகோதரர் இல்லை. ‘என் உறவினர் எவரும் இப்பேரத்தில் இல்லை’ என்று அவ்வியக்குநர் எழுதிக் கொடுத்தால், சொல்லளவில் அது தவறாகாது. ஆனால் ஊரில் உள்ள குழந்தையும் அவரை மைத்துனர் என்று அறியும். பின்னர் விலையில் சிறிது ஏற்றம் தெரிந்தாலும், அங்கத்தினர் நம்பிக்கை போய்விடும். போன நம்பிக்கையைச் சட்டப் பட்டியல் மீட்டுத்தராது.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. சட்டத்தின் வட்டம் குறைந்த அளவு. அதற்குக் கீழே இறங்கலாகாது. அதற்கு மேல், நிர்வாகக் குழுவில் உள்ளவர் தமக்கு எம்முறையில் உறவானவரோடு பேரம் வந்தாலும், அம்முறையைத் தமிழ்ப் பெயராலேயே நடவடிக்கைப் புத்தகத்தில் பதிந்துவிட்டு, அப்பொருளில் வாக்களியாது ஒதுங்குதல் நன்று. உறவினர் என்பதற்காக நல்ல பொருளை மறுக்கவேண்டியதில்லை; உறவை மறைக்காமலிருந்தால் போதும். போகாமல் கெட்டது உறவு, கேளாமல் கெட்டது கடன் என்பது நம் பெரியோர் வழக்கு. சொல்லாமல் கெட்ட சங்கங்களும் உண்டு.

ஒப்பீட்டில் வழங்கும் வகை

அடைமொழியாக வரும்போது ‘ரெலட்டிவ்’ என்பதற்கு ‘ஒப்பளவான’, ‘சார்பான’ என்று பொருள் கொள்ளலாம். ‘ரெலட்டிவ் டு’ என்று வந்தால் ‘அதனோடு ஒப்பிட’ என்று பொருள். ‘ரெலட்டிவ்லி’ என்பது வினையடை. ‘ஒப்புநோக்க’ என்று பொருள்படும். ‘ரெலட்டிவிட்டி’ என்பது சார்புத் தன்மை. ஐன்ஸ்டைன் 1905இலும் 1915இலும் வெளியிட்ட கொள்கைகளைத் தமிழில் ‘சார்பியல்’ என்று வழங்குவது இதனாலேயே.

நெசவாளருக்கு இதனை விளக்க நூலை விடச் சிறந்த உதாரணம் இல்லை. ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே பருத்தி நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜமும், 60ஆம் நம்பரில் 50,400 கஜமும், 80ஆம் நம்பரில் 67,200 கஜமும் இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியது. இப்போது, 60ஆம் நம்பர் நூல் மெல்லியதா, தடித்ததா? 40ஐ நெய்து பழகியவருக்கு அது மெல்லியது. 80ஐ நெய்பவருக்குத் தடித்தது. அண்ணன் தம்பிக் கதையே இங்கும் நிகழ்கின்றது. ‘மெல்லிய நூல்’ என்று மட்டும் எழுதி விலை பேசினால் வழக்கு வரும். ‘60ஆம் நம்பர்’ என்று எழுதினால் வாராது.

காற்றின் ஈரம்

வானிலை அறிக்கையில் ‘ரெலட்டிவ் ஹியூமிடிட்டி’ என்று வருவதைத் தமிழில் ‘ஒப்பு ஈரப்பதம்’ என்பர். ‘60 சதவிகிதம்’ என்றால் காற்றில் நூற்றுக்கு அறுபது பங்கு நீர் என்று சிலர் கொள்கின்றனர். அது தவறு. அந்த வெப்ப நிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கக்கூடுமோ, அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கின்றது என்பதே கணக்கு.

ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராமும், 40 டிகிரியில் சுமார் 51 கிராமும் தாங்கும். காற்றில் உள்ள நீராவி 17 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் 20 டிகிரி இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 100 சதவிகிதம். பயிரின் மேல் பனித்துளி தங்கும். காலை வளர்ந்து 30 டிகிரி ஆனால் அது சுமார் 57 சதவிகிதம். உச்சிப் பொழுதில் 40 டிகிரி ஆனால் சுமார் 33 சதவிகிதம். காற்றில் உள்ள நீர் ஒரு துளியும் குறையவில்லை. காற்றின் கொள்ளளவுதான் பெருகிற்று.

பருத்தி இழைக்கு ஈரம் ஏற ஏற வலுக்கூடும். ஆதலால் காலையில் இழை அறாமல் ஓடும் பாவு, நண்பகலில் அடிக்கடி அறுகின்றது. குழித்தறியில் பாவு தரைக்கு அருகே இருப்பதால் மண்ணின் ஈரம் அதற்கு எட்டுகின்றது. அது பழைய நெசவாளர் கண்ட நன்மை. பட்டின் இயல்போ வேறு. நனைந்தால் அதன் வலு குறையும். பயிரிடுவோருக்கும் இக்கணக்கு வேண்டும். ஒப்பு ஈரப்பதம் மிகுந்த காற்றில் நெல் எளிதில் உலராது; இலைமேல் ஈரம் நெடுநேரம் தங்கினால் பூஞ்சண நோய்களுக்கு இடமாகும்.

எதற்கு நூற்றுக்கு இவ்வளவு?

சதவிகிதம் என்பதே ஒப்பளவுதான். அடித்தொகை எது என்று கேளாமல் எந்தச் சதவிகிதத்தையும் ஏற்றுக்கொள்ளலாகாது.

பருத்தி நூலை எடைபோட்டு விற்கும் வழக்கில் 8.5 சதவிகித ஈரம் அனுமதிக்கப்படுகின்றது. இது முற்றும் உலர்ந்த எடையோடு ஒப்பிட்ட கணக்கு. உலர்ந்த பருத்தி 100 கிலோவாயின், ஈரத்தோடு அது 108.5 கிலோ. அதே நீரை மொத்த எடையோடு ஒப்பிட்டால் 7.8 சதவிகிதமே வரும். நீர் ஒன்று, கணக்கு இரண்டு. ஒருவர் ஒரு கணக்கையும் மற்றவர் வேறு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்பர்.

நெல்லில் வழக்கம் வேறு. அங்கு ஈரத்தை மொத்த எடையோடு ஒப்பிடுகின்றனர். மத்திய அரசின் கொள்முதல் விதிப்படி நெல்லின் ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது. சில பருவங்களில் இது தளர்த்தப்படுவதுண்டு. 22 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவிகிதத்துக்கு உலர்த்தினால் எடை எவ்வளவு குறையும்? ‘22இல் 17 போனால் 5, ஆகவே 5 கிலோ’ என்பது எளிதில் தோன்றும் விடை. உண்மை அதுவன்று. 100 கிலோவில் நீர் 22 போக உலர் பொருள் 78 கிலோ. உலர்த்திய பிறகு அந்த 78 கிலோ, மொத்தத்தில் நூற்றுக்கு 83 பங்காக நிற்கவேண்டும். 78ஐ 83ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் சுமார் 94 கிலோ வரும். குறைந்தது 6 கிலோ. வண்டி வண்டியாக நெல் கொண்டுவரும்போது அந்த ஒரு கிலோ வேறுபாடு சிறிதன்று. இதனை அறியாதவர் எடை குறைந்தது கண்டு தராசின்மேல் ஐயுறுவார். அறிந்தவரோ தராசு சரியாக இருக்கும்போது அமைதியாகவும், தவறாக இருக்கும்போது உறுதியாகவும் பேசுவார்.

ஆண்டறிக்கையிலும் இவ்வாறே. தவணை கடந்த கடன் சென்ற ஆண்டு 4 சதவிகிதம், இவ்வாண்டு 5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். ‘ஒரு சதவிகிதமே உயர்ந்தது’ என்று ஒருவர் கூறலாம். ‘25 சதவிகிதம் உயர்ந்துவிட்டது’ என்று மற்றொருவர் முழங்கலாம். முன்னவர் ஒரு சதவிகிதப் புள்ளி என்று சொல்லியிருக்கவேண்டும். பின்னவர் நாலோடு ஒன்றை ஒப்பிட்டார். இருவர் கணக்கும் பொய்யன்று. ஆனால் எதனோடு ஒப்பிட்டார் என்பதை மறைத்தால், உண்மையான எண்ணும் கேட்பவரை ஏமாற்றும். மகாசபையில் இவ்வினாவை எழுப்ப அதிகப் படிப்பு வேண்டியதில்லை.

இலக்கணத்தில்

இறுதியாக, ‘ரெலட்டிவ் ப்ரொனவுன்’ என்பதையும் அறிந்துகொள்வோம். ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ என்னும் சொற்கள் ஆங்கிலத்தில் ஒரு பெயரின் பின்னே நின்று, பின்வரும் வாக்கியத்தை அப்பெயரோடு பிணைக்கும். தமிழுக்கு அவை வேண்டுவதில்லை. ‘நேற்று வந்த நூல்’ என்னும்போது ‘வந்த’ என்னும் பெயரெச்சமே அவ்வேலையைச் செய்துவிடுகின்றது. ஆங்கிலத்தில் பெயர் முன்னே வரும், விளக்கம் பின்னே வரும். தமிழில் விளக்கம் முன்னே, பெயர் பின்னே. ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கும் காரியதரிசிகள் ‘எந்த நூல் நேற்று வந்ததோ அந்த நூல்’ என்று நீட்டாமல், ‘நேற்று வந்த நூல்’ என்று எழுதினால் கடிதம் பாதியாகக் குறையும்.

பயிற்சி

கீழ்வரும் வினாக்களுக்கு முதலில் தாமே விடை எழுதிப் பார்த்து, பின்னர் எம் விடையோடு ஒப்பிடுக.

1. சங்க வேலைக்கு மனுச் செய்பவரை, ‘சங்கத்தில் உறவினர் உண்டா?’ என்று படிவம் கேட்கின்றது. அவருடைய தாய்மாமன் அங்கே எழுத்தர். என்ன எழுதுவது?

2. ஒருவர் வயலின் விளைச்சல் 20 மூட்டையிலிருந்து 24 மூட்டையாயிற்று. மற்றொருவருடையது 10 மூட்டையிலிருந்து 13 மூட்டையாயிற்று. எவருக்கு உயர்வு மிகுதி?

3. 8.5 சதவிகித ஈரக் கணக்கில் 100 கிலோ பருத்தி நூல் வாங்கினோம். அதில் உலர்ந்த பருத்தி எவ்வளவு?

விடைகள். முதலாவது: படிவத்திலோ விதியிலோ வரையறை இருந்தால் அதன்படி விடை எழுதுக, வரையறை எப்படியிருப்பினும், ‘தாயின் உடன்பிறந்தவர் எழுத்தராக இருக்கிறார்’ என்று குறித்துவிடுக. இரண்டாவது: மூட்டைக் கணக்கில் முன்னவருக்கு 4, பின்னவருக்கு 3, ஆகவே முன்னவருக்கு மிகுதி. ஒப்பளவில் முன்னவருக்கு 20 சதவிகிதம், பின்னவருக்கு 30 சதவிகிதம். ஆகவே பின்னவருக்கு மிகுதி. களஞ்சியத்துக்கு இடம் தேடுவோருக்கு முதற்கணக்கும், சாகுபடி முறையைச் சீர்தூக்குவோருக்கு இரண்டாவது கணக்கும் வேண்டும். மூன்றாவது: 100ஐ 108.5ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் சுமார் 92.2 கிலோ. 91.5 என்று விடை எழுதியவர், ‘எதற்கு நூற்றுக்கு இவ்வளவு?’ என்னும் பகுதியை மீண்டும் ஒருமுறை படிப்பாராக.

அங்கத்தினர்கள் இச்சொல்லை இனிப் படிவத்தில் கண்டால் ‘யாருக்கு?’ என்றும், அறிக்கையில் கண்டால் ‘எதனோடு?’ என்றும் கேட்பார்களாக. ஆங்கிலம் அறியாதவர்க்கும் இவ்விரு வினாக்களும் எளியவை. கேட்பதற்குத் தயங்காத அங்கத்தினரும், விடை சொல்லத் தயங்காத நிர்வாகக் குழுவும் அமைந்த சங்கத்தில் உறவும் கெடாது, கணக்கும் கெடாது.